ஈரக் கழிவு

மழை நாளில் கொழுந்து நிறுக்கும்போது
ஈரத்துக்கென்று இரண்டு கிலோ கழிப்பார்கள்.
பதினாறு வருசமாக அதற்குச் சண்டை பிடித்தவள் நான்.
இலையில் இருப்பது மழையா, என் முதுகு வியர்வையா என்று
கணக்கப்பிள்ளையிடமே கேட்டிருக்கிறேன்.
பதினெட்டுக்குக் குறைந்தால் அரைப்பேர்.
அரைப்பேர் என்றால் அரைச் சம்பளம், அவ்வளவுதான்.
ஆனாலும் அந்தச் சொல் ஒரு மாதிரி.

பேராதனையில், மூன்றாம் மாடியில்,
தனுஷியாவைக் கட்டிலோடு சேர்த்து நிறுக்கிறார்கள்.
பத்தொன்பது தசம் ஆறு.
வரும்போது பதினைந்து சொச்சம்.
நாலு நாளில் ஏறியதெல்லாம் தண்ணீர்.
இமை திறக்க இடமில்லை.
கொலுசை வெட்டி எடுத்து
என் கையில் தந்துவிட்டார்கள்.

ரிஸ்னா டொக்டர் தாளில் கீறிக் காட்டினார்:
மருந்து நல்லாக வேலை செய்திருக்கு, அம்மா.
கட்டி ஒரேயடியாகக் கரைஞ்சிட்டுது.
கரைஞ்ச அத்தனையும் கழுவிவிட
இந்த ரெண்டுக்கும் பலம் போதாது.
இரண்டு போஞ்சி விதை போலக் கீறியிருந்தார்,
பேசப் பேச அதன் மேல் பேனையை அழுத்தி அழுத்திக்
கறுப்பாக்கிவிட்டார்.
நல்லது நடந்ததால் வந்த கெடுதி.
இதை எந்தச் சாமியிடம் என்னவென்று முறையிடுவது?

பிறகு மெசினைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள்.
வாட்டுக்கு அது ஒன்றுதான்.
கழுத்திலிருந்து சிவப்பு வெளியே, கழுத்துக்கே சிவப்பு உள்ளே,
நடுவில் ஒரு சாண் நீளத்துக்கு வடி.
வேகமாக இழுத்தால் பிள்ளை தாங்காதாம்,
பிரஷர் விழுந்துவிடுமாம்.
அதனால் இரவு பகலாக, நிறுத்தாமல், கொஞ்சம் கொஞ்சமாக.
மணிக்கு அறுபது மில்லி.
ஒரு பிளேன்டீயில் பாதியும் வராது.

நிர்மானி மிஸ் மணிக்கு மணி எழுதுகிறார்,
உள்ளே போனது, வெளியே வந்தது, கழித்தது.
அவருடைய சிங்களம் எனக்குப் பாதி, என் தமிழ் அவருக்குக் கால்.
இலக்கம் இரண்டு பேருக்கும் முழுசு.
தராசடியில் நிற்கிற மாதிரியே
கால் மாற்றிக் கால் நின்று எட்டிப் பார்க்கிறேன்.
கழியுங்கள் மிஸ்.
இன்னும் கழியுங்கள்.
ஒரு சொட்டுக்கும் சண்டை பிடிக்க மாட்டேன்.

இரண்டாம் இரவு, இரண்டரைக்கு, மெசின் அலறியது.
வடியில் ரத்தம் உறைந்துவிட்டது.
திரையை இழுத்தார்கள். என்னை வெளியே நிற்கச் சொன்னார்கள்.
சன்னலில் ஆற்றுப் பக்கம் முழுக்க மூட்டம்.
அவளுடைய அப்பாவுக்கு அழைத்தேன்.
வத்தளையில் வாச்சர் வேலை.
அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை,
அங்கே ஒரு லொறி பின்னுக்கு வந்தது, பீப், பீப்,
நான் எங்கள் மெசின் என்று திரும்பிப் பார்த்தேன்.

புது வடி போட்டார்கள்.
விடியும்போது, கை கழுவிவிட்டு வரச் சொல்லி,
திரும்பி வருகிற குழாயைத் தொட விட்டார் மிஸ்.
சூடு.
காய்ச்சல் சூடு இல்லை.
பள்ளிக்கூடம் விட்டு ஏற்றம் ஏறி வந்து
கையைப் பிடிப்பாளே, அது.

ஐந்தாம் நாள் பையில் மூத்திரம்.
பதினொரு மில்லி, சாயம் கூடின தேத்தண்ணி நிறம்.
மிஸ் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து
"அம்மே, பலன்ன" என்றார்.
மூத்திரத்தைப் பார்த்துக் கும்பிட்டவள்
நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

மெசினைக் கழற்றிவிட்டு மறுபடி நிறுத்தார்கள்.
பதினாலு தசம் எட்டு.
ஈரம் போக இவ்வளவுதான் என் பிள்ளை.
அரைப்பேர்.
இருக்கட்டும். அரைப்பேரே போடுங்கள்,
பேர் இருந்தால் போதும்.
மருந்து இன்னும் நாலு தடவை ஏற்ற வேண்டுமாம்.
அப்போது என்ன கரையும், எங்கே அடைக்கும்
என்று கேட்டேன். டொக்டர் உடனே பதில் சொல்லவில்லை.

மெசின் அடுத்த கட்டிலுக்குப் போகிறது.
நேற்று ராத்திரி மகியங்கனையிலிருந்து வந்த பையன்.
அவனுடைய அம்மா குழாயைப் பார்க்கப் பயந்து
சுவரைப் பார்த்து நிற்கிறாள்.
சூடாக இருக்கும், தொட்டுப் பார் என்று சொல்ல
எனக்குச் சிங்களத்தில் ஒரு சொல்தான் வந்தது.
"ரஸ்னெய்" என்றேன். என்ன விளங்கியதோ.

மிஸ் புதுத் தாள் கொளுவுகிறார்.
முதல் மணிக்கு நேரே இன்னும் ஒன்றும் எழுதவில்லை.
நாங்கள் இரண்டு பேரும் எட்டிப் பார்க்கிறோம்.